பழமும் பழைய புட்டியும்: மேசை அலங்காரத்துக்கு எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது?

அலங்காரத்துக்காக மட்டுமே வாங்கப்படும் பழம் மலிவான அலங்காரம் ஆகாது. நான்கு நாள் மேசையை அழகுபடுத்திவிட்டு ஐந்தாம் நாள் குப்பைக்குப் போகும் ஒரு கூடைப் பழத்துக்கு ஆகும் செலவை, அதே இடத்தில் வைத்திருக்கக்கூடிய ஒரு பூங்கொத்தின் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்தால், மிச்சம் என்று சொல்ல அநேகமாக ஏதும் இருக்காது. உண்பதற்காக எப்படியும் வாங்கியிருக்கும் பழம், சமையலறை மூலையிலோ குளிர்சாதனப் பெட்டியிலோ கண்ணில் படாமல் காத்திருப்பதற்குப் பதிலாக, சில நாள் எல்லோர் கண்ணுக்கும் விருந்தாகிவிட்டுப் பிறகு வயிற்றுக்குப் போகிறது என்றால்தான் அது செலவில்லாத அலங்காரம். கொள்கலனுக்கும் இதே கணக்குத்தான். காலியான புட்டியும் தகர டப்பாவும் ஏற்கெனவே கையில் இருப்பவை. அவற்றை அழகாக்குவதற்கென்று வண்ணமும் ரிப்பனும் பசையும் தனித்தனியாக வாங்க ஆரம்பித்தால், அந்தச் செலவில் ஒரு நல்ல கிண்ணத்தையே வாங்கியிருக்கலாம் என்ற நிலை விரைவில் வந்துவிடும். ஆகவே ஒவ்வொரு வழியையும் முதலில் இரண்டு கேள்விகளால் எடைபோட்டிருக்கிறேன்: காட்சி முடிந்த பிறகு பழம் எங்கே போகிறது? கொள்கலனைத் தயார்செய்ய எவ்வளவு செலவும் உழைப்பும் ஆகின்றன?

அடுத்து வருவது காலம். ஒரே ஒரு மாலை விருந்துக்கான மேசை, ஒரு வாரம் அப்படியே இருக்க வேண்டிய கூடத்து மேசை, மாதக்கணக்கில் சன்னலில் தொங்க வேண்டிய சரம் ஆகிய மூன்றும் வெவ்வேறு வேலைகள். வெட்டிய பழம் முதல் வேலைக்கு மட்டுமே ஏற்றது. முழுப் பழம் இரண்டாவதற்கு. உலர்த்திய துண்டும் தோலும் மூன்றாவதற்கு. பழ அலங்காரம் செய்து பார்த்துச் சலித்துப்போனவர்களிடம் பேசினால், பெரும்பாலும் அவர்கள் ஒரு மாலைக்கான முறையை ஒரு வாரத்துக்கு இழுத்திருப்பார்கள்.

முழுப் பழத்திலிருந்தே தொடங்குகிறேன். பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே போதும் என்பது என் கருத்து. இது மிகப் பழைய வழியும்கூட. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலையின் சாம்பலில் புதைந்த பொம்பேயி நகரில், ஜூலியா ஃபெலிக்ஸ் என்ற பெண்மணியின் மாளிகைச் சுவரில், பெரிய கண்ணாடிக் கிண்ணம் நிறைய ஆப்பிளும் திராட்சையும் மாதுளையும் குவிந்திருக்கும் ஓர் ஓவியம் கிடைத்தது; இப்போது அது நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிண்ணத்தின் மெல்லிய சுவர் வழியே உள்ளிருக்கும் பழங்கள் தெரிவதை அந்த ஓவியர் அத்தனை அக்கறையோடு காட்டியிருக்கிறார். பழத்தின் நிறமும் கண்ணாடியின் தெளிவும் ஒன்றுக்கொன்று உதவுகின்றன என்பதை அவர் கண்டுகொண்டிருந்தார். நாம் கழுவி வைத்திருக்கும் காப்பித்தூள் புட்டியிலும் நடப்பது அதுதான்.

ஆனால் எல்லாப் பழமும் ஒரு வாரம் மேசையில் நிற்காது. இதைப் புரிந்துகொள்ள, பழங்களை இரண்டு குடும்பங்களாகப் பிரித்துக்கொள்வது உதவும். ஆப்பிள், பேரிக்காய், வாழை, மா, கொய்யா, பப்பாளி, வெண்ணெய்ப்பழம் ஆகியவை பறித்த பிறகும் தொடர்ந்து பழுப்பவை. பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவை மிகுதியாக வெளியிடுபவை. எலுமிச்சை, ஆரஞ்சு, திராட்சை, மாதுளை, அன்னாசி ஆகியவை பறித்த பிறகு மேற்கொண்டு இனிப்பதில்லை. அவை வெளியிடும் எத்திலீனும் மிகக் குறைவு. இந்த வாயு செடிகளின் வளர்ச்சியைப் பாதிக்கிறது என்பதை ரஷ்ய அறிவியலாளர் நெல்யூபோவ் 1901இல் காட்டினார். பழுக்கும் பழமே இதை உண்டாக்குகிறது என்பதை இங்கிலாந்தைச் சேர்ந்த ரிச்சர்ட் கேன் 1934இல் நிறுவினார். மேசை அலங்காரம் செய்பவருக்கு இதிலிருந்து கிடைக்கும் பயன் மிக நேரடியானது. பழுத்த ஆப்பிள்களுக்கு நடுவே கார்னேஷன் போன்ற மலர்களைச் செருகி வைத்தால், பழம் வெளியிடும் வாயுவே அம்மலர்களை வழக்கத்தைவிட விரைவாக வாடச் செய்துவிடும். வாழைப்பழத்தோடு ஒரே கூடையில் வைக்கப்பட்ட பேரிக்காயும் எதிர்பார்த்ததற்கு முன்பே குழைந்துவிடும். மலரும் பழமும் சேர்ந்த அலங்காரம் வேண்டுமென்றால் எலுமிச்சை வகையையோ திராட்சையையோ தேர்ந்தெடுங்கள். ஆப்பிளும் பேரிக்காயும் பச்சை இலைகளோடு, மலரில்லாமல் நிற்கட்டும்.

இவற்றுக்குள் எனக்கு எப்போதும் முதலில் நினைவுக்கு வருவது எலுமிச்சைதான். நிறம் பளிச்சென்று இருக்கிறது, தோல் தடித்திருக்கிறது, உருவம் சிறிது, ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினாலும் எளிதில் நசுங்குவதில்லை, அறை வெப்பநிலையில் ஏறத்தாழ ஒரு வாரம் தாங்குகிறது, காட்சி முடிந்த பிறகு ஒன்றுகூட வீணாகாமல் சமையலறைக்குத் திரும்புகிறது. மாதுளை அதற்கு இணையானது. காய்ந்த தோலும் மணிமுடி போன்ற நுனியும் உள்ள அந்தப் பழத்தை எப்படி வைத்தாலும் அழகுதான், தோல் சற்றுச் சுருங்கிய பிறகும் உள்ளே முத்துகள் நன்றாகவே இருக்கும். ஆப்பிள் கம்பீரமானது, ஆனால் சூடான அறையில் சில நாளிலேயே மொறுமொறுப்பை இழந்து மாவாகிவிடும். ஆகவே வெப்பம் மிகுந்த வீடுகளில் அதைப் பகலில் குளிர்ச்சியில் வைத்து, தேவையான மாலையில் மட்டும் வெளியே எடுப்பது நல்லது. திராட்சை, விளிம்பிலிருந்து வழிந்து தொங்கும்போது கிடைக்கும் அழகை வேறெந்தப் பழமும் தராது. அதன் மேல் படிந்திருக்கும் வெண்பொடி போன்ற இயற்கை மெழுகைத் துடைத்துவிடாமல், உண்ணும் நேரத்தில் மட்டுமே கழுவுவது நல்லது. அந்த மெழுகுதான் ஈரம் போகாமல் பழத்தைக் காக்கிறது, கண்ணுக்கு மென்மையான சாம்பல் பூச்சையும் தருகிறது. வாழைப்பழத்தை நான் அலங்காரத்துக்குப் பரிந்துரைக்க மாட்டேன். அது நாளுக்கு நாள் நிறம் மாறுவதோடு அருகிலிருக்கும் எல்லாவற்றையும் பழுக்க வைத்துவிடுகிறது. மாதக்கணக்கில் நிற்க வேண்டுமென்றால், தாவரவியல்படி பழமே ஆன முற்றிய பூசணிக்காய்தான் கைகொடுக்கும். காம்பு உடையாமல், தோலில் கீறல் இல்லாமல், உலர்ந்த இடத்தில் இருந்தால் அது பல வாரங்கள் அசையாமல் அமர்ந்திருக்கும்.

எந்தப் பழமானாலும், ஈரத்தோடு அடுக்குவதுதான் மிகப் பெரிய தவறு. திராட்சை போன்ற மென்மையானவற்றைத் தவிர மற்றவற்றைக் கழுவினால், துணியால் துடைத்து, காம்புக் குழியில் நிற்கும் நீரும் உலரும்வரை விட்டுவைக்க வேண்டும். எலுமிச்சை வகைகளில் பச்சைப் பூஞ்சணமும் நீலப் பூஞ்சணமும் தோலில் உள்ள சிறு காயத்தின் வழியாகவே நுழைகின்றன. ஆகவே காயம்பட்ட ஒன்றை அடுக்கின் அடியில் ஒளித்து வைப்பதைவிட, அதை அன்றே பிழிந்துவிடுவதுதான் சரி. மறுபுறம், தோலில் வெறும் தழும்போ புள்ளியோ இருக்கும் பழத்தை ஒதுக்க வேண்டியதில்லை. 1600ஆம் ஆண்டுக்குச் சற்று முன் கரவாஜியோ தீட்டிய பழக்கூடை ஓவியத்தில் ஆப்பிளில் புழு துளைத்த தடம் இருக்கிறது, இலைகள் வாடிச் சுருண்டிருக்கின்றன. மிலான் நகரின் அம்புரோசியானா கூடத்தில் உள்ள அந்தப் படத்தைப் பார்ப்பவர்கள் அந்தக் குறைகளை நீக்கச் சொல்ல மாட்டார்கள். தழும்புள்ள பக்கத்தைத் திருப்பி வைத்தால் போதும். ஆனால் தழும்பு வேறு, கசியும் காயம் வேறு என்பதை விரலால் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி கொள்கலனுக்கு வருவோம். கண்ணாடியா, தகரமா என்பதுதான் உண்மையான போட்டி. பிளாஸ்டிக்கும் அட்டையும் துணைப் பாத்திரங்கள்.

கண்ணாடிப் புட்டியின் பெரிய நன்மை, அதைத் தயார்செய்யக் கிட்டத்தட்ட எதுவுமே தேவையில்லை என்பது. லேபிளை நீக்குவது ஒன்றுதான் வேலை. வெதுவெதுப்பான சோப்பு நீரில் அரைமணி நேரம் ஊறினால் காகித லேபிள் உரிந்துவிடும். பிடிவாதமாக ஒட்டியிருக்கும் பசைக்குத் தண்ணீர் பயன்படாது, சமையல் எண்ணெயையும் சமையல் சோடாவையும் சம அளவில் குழைத்துத் தடவி, கால்மணி நேரம் கழித்துத் தேய்த்தால் வந்துவிடும். உருக்கி மறுசுழற்சி செய்வதற்குக் கண்ணாடியைச் சுமார் 1,500 டிகிரி செல்சியஸ் உலைக்கு அனுப்ப வேண்டும். கழுவி மறுபடியும் பயன்படுத்துவதற்கு ஒரு பிடி சோடா போதும். இந்த ஒப்பீடு எனக்கு மிகவும் பிடித்தமானது. மூடியை மட்டும் கழற்றிவிடுங்கள். மூடியின் உட்புற ரப்பர் வளையம் பழைய வாசனையைப் பிடித்துவைத்திருக்கும் என்பது ஒரு காரணம். மூடிய புட்டிக்குள் ஈரமும் எத்திலீனும் தேங்கிப் பழம் விரைவில் கெடும் என்பது இன்னும் முக்கியமான காரணம். பூச்சிக்கொல்லியோ துப்புரவுத் திரவமோ இருந்த புட்டி எத்தனை அழகாக இருந்தாலும், பிறகு உண்ணப்போகும் பழத்துக்கு ஆகாது.

ஆனால் கண்ணாடிக்கு ஒரு பெரிய பசி உண்டு. அது எல்லாவற்றையும் காட்டுவதால், அடியிலிருந்து விளிம்புவரை பழத்தாலேயே நிரப்ப வேண்டியிருக்கிறது. தகர டப்பா அப்படியில்லை. அதன் அடியில் கசக்கிய காகிதத்தை அடைத்து, மேலே மூன்றே மூன்று ஆரஞ்சுகளையும் ஒரு கொத்து இலையையும் வைத்தால், டப்பா நிறையப் பழம் இருப்பது போன்ற தோற்றம் கிடைத்துவிடும். பழம் நிறைய இருந்தால் கண்ணாடி, குறைவாக இருந்தால் தகரம் என்பதுதான் என் முதல் விதி. கண்ணாடியையே விரும்புபவர்கள் அகலமான ஜாடியை விட்டுவிட்டு, ஒரே வரிசையில் பழங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கக்கூடிய ஒடுங்கிய உயரமான புட்டியைத் தேர்ந்தெடுத்தால் நான்கைந்து எலுமிச்சையிலேயே அது நிறைந்துவிடும். வாயின் அளவை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்; உள்ளே நுழைந்த பழம் அதே வழியாகக் கையின் உதவியின்றி வெளியேயும் வர வேண்டும் அல்லவா?

தகரத்தைப் பற்றி மேலும் சில எச்சரிக்கைகள் தேவை. நாம் தகரம் என்று அழைப்பது, மெல்லிய வெள்ளீய முலாம் பூசிய இரும்புத் தகடு. பெரும்பாலும் உட்புறத்தில் ஒரு பாதுகாப்புப் பூச்சும் இருக்கும். கீறினாலோ துளையிட்டாலோ அந்தப் பாதுகாப்பு போய்விடும், ஈரம் பட்ட இடம் துருப்பிடிக்கும், அடிவட்டம் மேசைவிரிப்பில் அழியாத பழுப்பு வளையமாகப் பதியும். புளிப்பான பழச்சாறு பட்டால் இது இன்னும் விரைவாக நடக்கும். ஆகவே தகரத்தை வெளிச்சட்டையாக மட்டும் கருதி, தண்ணீரும் மலரும் வேண்டுமென்றால் உள்ளே ஒரு சிறு கண்ணாடிக் குவளையை வைப்பதுதான் முறை. வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மழுங்கச் செய்யாமல் எந்த டப்பாவையும் மேசைக்குக் கொண்டுவரக் கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதில் சலுகையே வேண்டாம். சணல் கயிற்றை நெருக்கமாகச் சுற்றினால் டப்பாவின் எழுத்துகளும் நெளிவுகளும் மறைந்துவிடும். எஞ்சிய துணித் துண்டு ஒன்றும் அதே வேலையைச் செய்யும்.

தகரத்தால் மட்டுமே முடிகிற ஒரு காரியம் உண்டு, அது விளக்குக் கூடு. டப்பாவில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி உறைய வைத்து, உள்ளே பனிக்கட்டி தாங்கி நிற்கும்போது ஆணியும் சுத்தியலும் கொண்டு துளையிட்டால் தகடு நசுங்காது. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிவடைவதால் மேலே இடம்விடுவது அவசியம். அதே காரணத்தால் கண்ணாடிப் புட்டியில் இந்த முறையை முயலவே கூடாது. பனி உருகிய பிறகு நன்றாகத் துடைத்து உள்ளே ஒரு சிறு மெழுகுவர்த்தியை ஏற்றினால், அந்தப் புள்ளி வெளிச்சம் பக்கத்தில் குவிந்திருக்கும் மாதுளையின் மேல் விழுந்து மினுங்கும். மேசையில் இரவு நேரத்துக்கென்று ஒரே ஒரு பொருள் செய்ய நேரமிருந்தால் இதைச் செய்யுங்கள்.

பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பகுதியை வெட்டிக் கிண்ணமாக்கலாம்; எடையில்லாதது, உடையாதது, குழந்தைகளின் மேசைக்குப் பொருத்தமானது. ஆனால் சாதாரணத் தண்ணீர் பாட்டிலின் பிளாஸ்டிக் சுமார் 70 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கிவிடுவதால், மெழுகுவர்த்திக்கு அருகில் அதற்கு இடமே இல்லை. முட்டை அட்டை, அழகுப் பொருளாக இல்லாவிட்டாலும், உருளும் எலுமிச்சைகளை வரிசையாக நிறுத்தும் மறைமுகத் தாங்கியாக மிக நன்றாக உழைக்கும். மேலே இலைகளைப் பரப்பிவிட்டால் அது கண்ணுக்கே தெரியாது, காற்றும் அடியில் புகும். அட்டைப்பெட்டிகள் நனைந்தால் தொய்ந்துவிடும். அதற்குமேல் அவற்றைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

கண்ணாடியைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு உடனே இன்னொரு முடிவு காத்திருக்கிறது: பழத்தை உலர்வாக வைப்பதா, தண்ணீரில் வைப்பதா? தண்ணீர் நிறைந்த உருளைப் புட்டி ஒரு பூதக்கண்ணாடி போல வேலைசெய்து பழத்தைப் பெரிதாகவும் பளபளப்பாகவும் காட்டும். முதல் பார்வையில் எவரையும் நிறுத்திவிடும் காட்சி அது. ஆனால் எலுமிச்சையும் ஆரஞ்சும் தோலில் காற்றைத் தேக்கி வைத்திருப்பதால் மிதக்கும், ஆப்பிளின் பருமனில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு காற்றே என்பதால் அதுவும் மிதக்கும், திராட்சை மூழ்கும். புட்டியை நெருக்கமாக நிரப்பினாலோ மலர்த்தண்டுகளால் அழுத்தி நிறுத்தினாலோ ஒழிய மிதப்பவை எல்லாம் மேலே கூடி நின்று, அடியில் வெறும் தண்ணீர் தெரியும். இரண்டொரு நாளில் தண்ணீர் கலங்கத் தொடங்கும். தினமும் மாற்றாவிட்டால் தோல் வழுவழுப்பாகிப் பழமும் உண்ணத் தகாததாகிவிடும். வெயில் நேரடியாக விழும் சன்னலில் தண்ணீர்ப் புட்டியை வைக்கவே கூடாது, ஏனென்றால் பூதக்கண்ணாடி போலவே அது ஒளியை ஒரு புள்ளியில் குவித்து அருகிலுள்ள துணியையும் காகிதத்தையும் கருக்கிவிடக்கூடும்.

ஆகவே தண்ணீர் முறையை ஒரு மாலைக்கு மட்டும் வைத்துக்கொள்வேன், அதையும் இரட்டைப் புட்டியாகச் செய்வேன். அகலமான புட்டிக்குள் ஒடுக்கமான குவளை ஒன்றை வைத்து, இரண்டுக்கும் இடையிலுள்ள வெளியில் வட்டமாக நறுக்கிய எலுமிச்சைத் துண்டுகளைக் கண்ணாடியோடு ஒட்டி நிறுத்தி, உள் குவளையில் மட்டும் தண்ணீர் ஊற்றி மலர்களை வைக்க வேண்டும். நறுக்கிய பழத்தின் சாறும் சதையும் தண்டு நிற்கும் நீரில் கலந்தால், அந்தச் சர்க்கரையில் நுண்ணுயிர்கள் பெருகித் தண்டின் நீர்க்குழாய்களை அடைத்துவிடும்; இந்த இரட்டை ஏற்பாட்டில் மலருக்குத் தூய நீர், பழத்துக்கு உலர்ந்த இடம், பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும் காட்சி. மூன்றே எலுமிச்சையில் ஒரு புட்டி முழுவதும் நிறைந்ததாகத் தோன்றுவதால், கண்ணாடியின் பசி என்று முன்பு சொன்ன குறையும் தீர்ந்துவிடுகிறது.

வெட்டிய பழத்தைத் தட்டில் அடுக்கி அழகுபடுத்துவதைப் பற்றி நான் சற்றுக் கண்டிப்பாகவே இருப்பேன். அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவுப் பாதுகாப்பு அறிவுரைப்படி, கெடக்கூடிய உணவு எதுவும் அறை வெப்பநிலையில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அந்த அவகாசம் 1 மணி நேரம்தான். வெட்டிய பழத்துக்கும் அதே அளவுகோலைத்தான் நான் கடைப்பிடிக்கிறேன். விருந்தினர் வருவதற்கு மூன்று மணி நேரம் முன்பே செதுக்கி வைத்து, அவர்கள் உண்டு முடிக்கும்வரை மேசையில் நிறுத்தும் தர்பூசணி இந்தக் கணக்கில் தேறாது. ஆப்பிளும் பேரிக்காயும் வெட்டியவுடன் காற்றுப்பட்டு, அவற்றிலுள்ள நொதியால் பழுப்பாகின்றன. எலுமிச்சைச் சாறு தடவினால் அது தாமதமாகும், நிற்காது. ஆகவே வெட்டிய பழம் உண்ணும் உணவாக, கடைசி அரைமணி நேரத்தில் மேசைக்கு வரட்டும். அழகு அதற்கு ஒரு கூடுதல் பரிசாக இருக்கட்டும்.

ஆனால் உள்ளிருப்பதை உண்டபின் எஞ்சும் ஓடும் தோலும் வேறு கதை. அன்னாசியின் சதையைக் குடைந்தெடுத்துவிட்டு, அந்தக் கூட்டுக்குள் ஒரு குவளையை இறக்கி மலர் வைத்தால் ஒரு மாலைக்கு அதைவிடச் சிறந்த பூச்சாடி வேறு வேண்டாம். அடியில் சாறு கசியும் என்பதால் ஒரு தட்டு மட்டும் தேவை. ஆரஞ்சைக் குறுக்காகப் பாதியாகக் கீறி, தோல் கிழியாமல் சதையைப் பிரித்தெடுக்கும்போது நடுவிலுள்ள வெண்ணிற நார்த்தண்டை அடியோடு ஒட்டியபடி விட்டுவைத்தால், அதுவே திரியாகிவிடும். சமையல் எண்ணெய் சிறிது ஊற்றி, திரி எண்ணெயில் ஊறிய பிறகு ஏற்றினால், தோல் முழுவதும் உள்ளிருந்து சிவந்து ஒளிரும். எரியும்போது ஒரு கண் அதன்மேல் இருக்க வேண்டும். தோலிலுள்ள எண்ணெய் தீப்பற்றக்கூடியது என்பதால் தட்டையான பீங்கான் தட்டின் மேல், துணியும் காய்ந்த இலையும் அருகில் இல்லாமல் வைக்க வேண்டும்.

நீண்ட காலத்துக்கான அலங்காரத்தில், எல்லோரும் முதலில் நினைப்பது உலர்த்திய ஆரஞ்சு வட்டங்களைத்தான். சுமார் 5 மில்லிமீட்டர் கனத்தில் சீராக வெட்டி, துணியால் ஈரத்தை ஒற்றியெடுத்து, ஓவனில் 90 முதல் 100 டிகிரி செல்சியஸில் இடையிடையே திருப்பி மூன்று நான்கு மணி நேரம் வைத்தால், வெளிச்சத்தில் வண்ணக் கண்ணாடி போல ஒளிரும் வட்டங்கள் கிடைக்கும். மறுக்க முடியாத அழகு. ஆனால் இந்தப் பட்டியலிலேயே அதிகச் செலவுள்ள வழியும் இதுதான். உண்ணக்கூடிய பழம் முழுவதும் இதற்குப் போகிறது, மூன்று நான்கு மணி நேர மின்சாரமோ எரிவாயுவோ செலவாகிறது, காற்றில் ஈரம் மிகுந்த இடங்களில் பழத்திலுள்ள சர்க்கரை ஈரத்தை இழுத்து வட்டங்கள் சில வாரங்களிலேயே பிசுபிசுப்பாகிவிடுகின்றன. உலர்ந்த காற்றும் ஓவனை வேறு காரணத்துக்கு மூட்டும் பழக்கமும் உள்ள வீட்டுக்குத்தான் இதைப் பரிந்துரைப்பேன். வேறு ஏதோ வெந்து முடிந்தபின் எஞ்சும் சூட்டில் வட்டங்களைச் செருகிவைத்து, இரண்டு மூன்று நாள் இதையே திரும்பச் செய்தால் செலவு பெருமளவு குறையும்.

இதற்கு மாற்றாகத் தோலைப் பாருங்கள். பழத்தை உண்டாகிவிட்டது, குப்பைக்குப் போகவிருந்த தோலைச் சமமாகப் பரப்பி, உட்புற வெண்பகுதியைக் கரண்டியால் சுரண்டி, கத்தரியாலோ சிறு அச்சாலோ இலை, நட்சத்திரம், வட்டம் என்று வெட்டி, ஊசியால் துளையிட்டுக் காற்றோட்டத்தில் உலர்த்தினால், இரண்டு மூன்று நாளில் விறைப்பான, மணமுள்ள வில்லைகளாகிவிடும். சதை இல்லாததால் சர்க்கரை மிகக் குறைவு, ஆகவே பிசுபிசுப்பும் குறைவு. சதைப்பகுதி உடலுக்கு, தோல் சன்னலுக்கு என்று முழுமையாகக் கணக்குத் தீர்வதால், செலவில்லாத அலங்காரம் என்ற சொல்லுக்கு உண்மையாகப் பொருந்துவது இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். நூலில் கோத்து, பழைய புட்டியின் கழுத்தில் சுற்றிவிட்டால் ரிப்பனே தேவையில்லை. முழு ஆரஞ்சில் கிராம்பைக் குத்தி உலர்த்தும் மணப்பந்து இன்னொரு வழி. கிராம்பு எண்ணெய் பூஞ்சணத்தைத் தடுப்பதால் பழம் அழுகாமல் வாரக்கணக்கில் மெல்லச் சுருங்கி இறுகும். ஒரு பழத்துக்குப் பிடி நிறையக் கிராம்பு வேண்டும் என்பதால், வரிவரியாக இடைவெளி விட்டுக் குத்துவது சிக்கனம். ஆனால் இடைவெளி மிகுந்தால் காப்பு குறையும், அழுகலும் வரலாம்.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் மேசையில் அடுக்கும்போது உயரத்தைக் கவனிக்காவிட்டால் உழைப்பெல்லாம் வீண். எதிரே அமர்ந்திருப்பவரின் முகத்தை மறைக்கும் அலங்காரத்தை விருந்து தொடங்கிய சற்று நேரத்திலேயே யாராவது எடுத்துக் கீழே வைத்துவிடுவார்கள். உணவு மேசைக்கு 30 சென்டிமீட்டருக்குக் கீழே நிறுத்திக்கொள்வது பாதுகாப்பு; ஒடுங்கிய உயரப் புட்டியை சுவரோர மேசைக்கு அனுப்பிவிடலாம். நிறத்தில், மஞ்சளுக்கு ஊதா, ஆரஞ்சுக்கு நீலம், சிவப்புக்குப் பச்சை என்று எதிரெதிர் நிறங்கள் அடுத்தடுத்து இருக்கும்போது இரண்டும் தூக்கலாகத் தெரியும். எலுமிச்சைப் புட்டியின் அருகே கருந்திராட்சை ஒரு கொத்து இருந்தால் போதும், மூன்றாவது நிறம் வேண்டாம். மூன்று வகைப் பழத்தை ஒரே புட்டியில் கலப்பதைவிட, ஒரே வகையை மூன்று புட்டிகளில் வெவ்வேறு அளவில் வைப்பது எப்போதும் நன்றாக அமைகிறது. வெவ்வேறு வடிவத்தில் சேர்ந்த பழைய புட்டிகள் ஒரு தொகுப்பாகத் தோன்றுவதற்கும் அதுவே வழி: கண்ணாடி பலவிதமாக இருக்கலாம், பழம் ஒன்றாக இருக்க வேண்டும்.

இனி தேர்வு. விருந்து ஒரு மாலைக்குத்தான், பழமும் அதிகமில்லை என்றால் இரட்டைப் புட்டியும் ஆரஞ்சுத்தோல் விளக்கும். ஒரு வாரம் நிற்க வேண்டும், வீட்டில் எலுமிச்சையோ மாதுளையோ தொடர்ந்து பயன்படுகிறது என்றால், மூடியில்லாத கண்ணாடிப் புட்டியில் உலர்ந்த முழுப் பழம். தினமும் மேலிருந்து ஒன்றை எடுத்துப் பயன்படுத்தி, புதியதை அடியில் இட்டு வந்தால் அந்த அலங்காரத்துக்கு முடிவே இல்லை. வீட்டில் ஆப்பிள் உண்பவர்கள்தான் அதிகம் என்றால் காற்றோட்டமுள்ள அகன்ற தட்டும் இலைகளும் போதும், புட்டி வேண்டாம். பழ ஈ தொல்லை உள்ள வீட்டுக்கு முழுப் பழமே ஆபத்துதான். 25 டிகிரி வெப்பத்தில் முட்டையிலிருந்து முழு ஈயாக வளர அதற்குப் பத்து நாளே போதும் என்பதால், ஒரு கசியும் பழத்தைக் கவனிக்காமல் விட்டால் அடுத்த வாரம் அறை முழுக்க ஈக்கள் இருக்கும். அவர்கள் உலர்ந்த தோல் சரத்தையும் துளையிட்ட தகர விளக்கையும் எடுத்துக்கொண்டு, உண்ணும் பழத்தைக் குளிர்சாதனப் பெட்டியிலேயே வைத்திருக்கலாம்.

கையில் ஒரே ஒரு புட்டியும் ஒரே ஒரு ஆரஞ்சும் மட்டுமே இருக்கிறது என்பவர்கள், பழத்தைச் சுருள் அறுபடாமல் ஒரே நீள நாடாவாகத் தோலுரித்து, சுளைகளை உண்டுவிட்டு, அந்த நாடாவைப் புட்டியின் உட்புறச் சுவரோடு சுழன்று ஏறும்படி இறக்கிவிட்டு, நடுவில் ஒரு பச்சைக் கிளையை நிறுத்தலாம். தோல் உலர உலரச் சுருள் இறுகி, கிளையைத் தானே பிடித்துக்கொள்ளும்.